கழனியில் நட்ட சாட்சி

எண்ணூர்க் கழிமுகத்தைத் தாண்டி வடக்கே போனால் நெல் விளையும் பூமி இருக்கிறது என்பதை, ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வசிக்கும் நமது வாசகர்களிலேயே பலர் மறந்திருக்கக்கூடும். அவர்கள் கண்ணில் படுவதெல்லாம் துறைமுகத்துக் கிரேன்களும், கன்டெய்னர் லாரிகளின் முடிவில்லாத வரிசையும், அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளுமே. ஆனால் அந்தப் புகை தெரியும் தூரத்திலேயே மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்துக் கழனிகள் தொடங்கிவிடுகின்றன. இந்தக் கழனிகளுக்கு இப்போது ஒரு புதிய விருந்தாளி வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மண்ணில் நட்டுவைத்தால் ஈரத்தையும் உப்பையும் உஷ்ணத்தையும் தானே அளந்து, கம்பியில்லாமல் செய்தி அனுப்பி, குடியானவரின் கைப்பேசியில் கொண்டுவந்து சேர்க்கும் உணர்கருவியே அந்த விருந்தாளி.

பேச்சு வெறும் பேச்சு அல்ல. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 385 வட்டாரங்களில் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவித் தமிழ்நாட்டை ஒரு வலைபோல் பின்னியது. பயிர்க் காப்பீட்டுக்காக அதே மாதிரியான வலையைக் கிராமப் பஞ்சாயத்து மட்டத்துக்கும் கொண்டுபோக 2023-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் திட்டம் தொடங்கினார்கள். 2024 செப்டம்பரில் டிஜிட்டல் விவசாயத்துக்கென்று 2,817 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய மந்திரி சபை அங்கீகரித்தது. தனியார் கம்பெனிகளோ சர்க்காருக்கு முன்னாலேயே களத்தில் இறங்கிவிட்டன. ஆகவே கருவி வருமா வராதா என்று விவாதிப்பதில் பயன் இல்லை. வந்தபின் அது யாரிடம் பேசும், யாருக்காகப் பேசும் என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

கருவியின் தத்துவம் எளிது. மின்புலத்தைத் தாங்கும் குணம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு அளவில் இருக்கிறது. காற்றுக்கு அதை 1 என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை. ஜலத்துக்கு ஏறக்குறைய 80. ஆகையால் மண்ணில் இரண்டு கம்பிகளைச் செருகி அந்தக் குணத்தை அளந்தால் ஈரம் எவ்வளவு என்பது தெரிந்துவிடுகிறது. நெல்வயலுக்கு இன்னும் எளிய வழி உண்டு. துளையிட்ட குழாய் ஒன்றை மண்ணில் புதைத்து, உள்ளே ஜலமட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரையில் காத்திருந்து மறுபடி பாய்ச்சினால் விளைச்சல் குறையாமல் தண்ணீர் மிச்சமாகிறது என்று மணிலாவுக்கு அருகிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பல தேசங்களில் காட்டியிருக்கிறார்கள். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. இந்தக் குழாயில் ஒரு மட்டமானியைப் பொருத்திவிட்டால், நள்ளிரவில் டார்ச் விளக்குடன் வரப்பில் நடக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது. செய்தியைச் சில மைல் தூரம் கொண்டுபோக 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை போதும். அதை உபயோகிக்க இந்தியாவில் லைசென்ஸும் வேண்டியதில்லை.

இவையெல்லாம் தஞ்சைக்கும் பொருந்தும், தர்மபுரிக்கும் பொருந்தும். மீஞ்சூருக்கென்று தனியாக வேண்டியது உப்பை அளக்கும் கருவி. அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் கடலைச் சேரும் இந்தப் பகுதியில், பழைய ஆற்றுப் படுகைகளின் மணல் பூமிக்கடியில் ஆழமாகப் புதைந்து கிடக்கிறது. அந்த மணலில் நல்ல ஜலம் நிறைந்திருந்தது. 1960-களில் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் உதவியுடன் அதை ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் வரிசையாகக் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். பட்டணத்துக்கும், முக்கியமாக மணலியில் எழுந்த ஆலைகளுக்கும், தண்ணீர் போயிற்று. கடலோரத்தில் நல்ல ஜலம் உப்பு ஜலத்தின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே நல்ல ஜலமட்டம் ஒரு மீட்டர் குறைந்தால் கீழே உப்பு ஜலம் சுமார் 40 மீட்டர் ஏறும் என்பது ஜலசாஸ்திரிகளின் பழைய கணக்கு. 1969-இல் கடல்நீர் பூமிக்கடியில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரம் உள்ளே வந்திருந்தது. 1987-க்குள் அது சுமார் 9 கிலோமீட்டர் ஆகிவிட்டது. அந்த 1987-ஆம் வருஷத்தில்தான், சென்னையைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரை எடுப்பதையும் உபயோகிப்பதையும் லாரியில் ஏற்றுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. வெள்ளம் போனபின் அணை கட்டுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல!

இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கழனிக்கடியிலிருந்த ஜலம் குழாய் வழியாக மணலிக்குப் போயிற்று. அங்கே உர ஆலை அதைக் குடித்து யூரியா செய்தது. அந்த யூரியா மூட்டையாகி, சர்க்கார் மான்யத்தினால் 45 கிலோ மூட்டை 300 ரூபாய்க்கும் குறைந்த விலையில், அதே கழனிக்குத் திரும்பி வந்தது. குடியானவர் கொடுத்தது இனி விளையாத நல்ல ஜலம். பெற்றது பாதிக்குமேல் பயிருக்குச் சேராமல் காற்றிலும் ஜலத்திலும் வீணாகும் உரம். பிற்காலத்தில் மணலி ஆலைகள் கொடுங்கையூர்ச் சாக்கடை நீரைச் சுத்திகரித்து உபயோகிக்கத் தொடங்கின. காட்டுப்பள்ளியில் தினம் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் திறக்கப்பட்டது. இரண்டும் நல்ல காரியங்களே. ஆயினும் உள்ளே புகுந்த கடல் அதற்காகத் திரும்பிப் போய்விடவில்லை.

நெற்பயிர் உப்புக்கு அஞ்சும் பயிர். மண்ணிலிருந்து எடுத்த சாறு மின்சாரத்தைக் கடத்தும் திறனை டெசிசீமென்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். அது மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸ் வரையில் நெல் பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் ஒவ்வொரு அளவு கூடும்போதும் விளைச்சலில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறையும். கடல்நீரின் அளவு சுமார் 50 என்றால், எவ்வளவு சிறிய கலப்பும் எத்தனை பெரிய சேதம் செய்யும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். இந்த மாற்றம் நாக்குக்குத் தெரிவதற்கு முன்னமே கருவிக்குத் தெரிந்துவிடும். மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டினால் உப்பு ஏறுகிறது, எப்போது நிறுத்தினால் இறங்குகிறது, மழைக்குப்பின் எத்தனை நாளில் கிணறு தெளிகிறது என்பதையெல்லாம் ஒரு போகத்துக்குள் அது கற்றுக் கொடுத்துவிடும். விவசாயத்துக்கு இதுவே பெரிய லாபம்.

ஆனால் நாம் வக்கீல் தொழிலிலிருந்து பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவராகையால், நமக்கு வேறொரு லாபமும் புலப்படுகிறது. சில வருஷங்களுக்குமுன் வடக்குப் பக்கத்து விவசாயி ஒருவர் நமது அறைக்கு வந்து, ஒரு பாட்டில் ஜலத்தை மேஜைமேல் வைத்தார். “என் கிணத்துத் தண்ணிங்க ஐயா, வாயில வச்சுப் பாருங்க” என்றார். வைத்துப் பார்க்காமலே நம்பினோம். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டோம். “ரெண்டு மூணு வருஷமா” என்றார். முதலில் எந்த மாதத்தில் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. இருக்கவும் நியாயம் இல்லை. கிணறு டைரி எழுதுவதில்லையே! எதிர்க்கட்சி வக்கீல் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். 2010-ஆம் வருஷத்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி, தகராறைத் தீர்க்கக் கோரும் மனுவைக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், நஷ்ட ஈடு கோரும் மனுவை ஐந்து வருஷத்துக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள், அவ்வளவுதான். ‘முதலில் எழுந்த நாள்’ எது என்று சொல்ல முடியாதவரின் பாத்தியதை காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

நமது மாகாணத்துப் பெரிய வழக்குகள் இரண்டு இந்த விஷயத்தைத் தெளிவாக்கும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றி வேலூர்ப் பிரஜைகள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு அளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்ற வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கும், திண்டுக்கல் பக்கத்தில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்ற சேவா சங்கத்தாரின் கணக்கும் அத்தீர்ப்பில் இடம் பெற்றன. அதே வருஷம் டிசம்பரில், சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர இறால் பண்ணைகளைப் பற்றிய தீர்ப்பு வந்தது. அங்கும் விளைநிலமும் கிணறும் உப்பானதே முறையீடு. இரண்டிலும் ஜயம் கிடைத்தது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆலைக்காரருடையதே என்ற கொள்கையும் நிலைபெற்றது. எனினும் இரண்டு வழக்கிலும் கணக்கு எடுத்தது நிலம் கெட்டபின்பே. கெட்டுக்கொண்டிருந்த காலத்தில் நாளொன்றுக்கு ஒரு வரி எழுதி வைத்தவர் யாருமில்லை.

மண்ணில் நட்ட கருவி அந்த வரியை எழுதும். மணிக்கொரு தரம் எழுதும், தூங்காது, பங்காளிச் சண்டைக்கும் கட்சி அபிமானத்துக்கும் ஆட்படாது. ஆனால் கோர்ட்டில் அது ஏற வேண்டுமானால் சில சடங்குகள் உண்டு. யந்திரப் பதிவை ருசுவாகத் தாக்கல் செய்ய அத்தாட்சிப் பத்திரம் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்மானித்தது. 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு அந்தப் பத்திரத்தை இரண்டு பாகமாக்கியிருக்கிறது: ஒன்றில் பதிவைத் தாக்கல் செய்கிறவர் கையெழுத்திட வேண்டும், மற்றொன்றில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். பதிவில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எண்முத்திரையையும் அதில் குறிக்க வேண்டும். பதிவோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ உள்ள ஒரு கம்பெனியின் கணினியில் இருக்கிறது. முக்கால் ஹெக்டேர் நிலம் உள்ளவர், தமிழ்நாட்டில் சராசரிக் கைப்பற்று அவ்வளவுதான், எந்த நிபுணரைத் தேடிப் போவார்?

கருவி பொய் சொல்லாதா என்று கேட்பவர் உண்டு. சொல்லும், அதுவும் இந்தக் கடற்கரையில்தான் அதிகமாகச் சொல்லும். மலிவான ஈரமானிகள் உப்பு மண்ணில் இருக்கிற ஈரத்தைவிட அதிகமாகக் காட்டிவிடுகின்றன. உப்பே மின்சாரத்தைக் கடத்துவதால் கருவி ஏமாந்துவிடுகிறது. வயல் காய்ந்து கிடக்க, கைப்பேசியில் ‘ஈரம் போதும்’ என்று செய்தி வரும். நல்ல பூமியில் பரீட்சை செய்த கருவியை அப்படியே மீஞ்சூரில் நட்டுவிட்டு, குடியானவர் யந்திரத்தை நம்ப மறுக்கிறார் என்று குறைகூறுவது அநியாயம். கிணற்றில் தொங்கும் உப்புமானியிலும் பாசி படியும். அதை மாதந்தோறும் கழற்றித் துடைத்து, அளவு தெரிந்த கரைசலில் தோய்த்துச் சரிபார்க்க வேண்டும். குறுக்கு விசாரணைக்கு நிற்காத சாட்சியால் வழக்கு ஜயிக்காது.

இதே தொழிற்பட்டையில் உணர்கருவிகள் ஏற்கெனவே ஏராளம். மாசு அதிகமாக வெளியிடும் 17 வகை ஆலைகள் புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலிலும் இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அளவுகளை உடனுக்குடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டுமென்று மத்திய வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. அனல் மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம் எல்லாம் அந்தப் பதினேழில் அடக்கம். ஆனால் அந்தக் கருவியை வாங்குவதும் ஆலை, பராமரிப்பதும் ஆலை. பிரதிவாதியின் வீட்டிலேயே சாப்பிட்டு வளரும் சாட்சியை வேறெந்தக் கோர்ட்டில் கண்டிருக்கிறோம்? அன்றியும் புகைபோக்கிக் கருவி புகைபோக்கியைத்தான் பார்க்கிறது, கிணற்றைப் பார்ப்பதில்லை.

2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்துக்கருகே, கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தபோது, ஜனங்களை எழுப்பியது எந்தச் சங்கும் அல்ல. அவர்களுடைய மூக்கும் எரிந்த கண்களுமே. கைக்குழந்தைகளுடன் தெருவில் ஓடினார்கள். காற்றில் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்குமேல் இருக்கக் கூடாத அம்மோனியா ஆலை வாசலில் 2,090 இருந்ததாக வாரியம் பிறகு அறிவித்தது. கழனிக்குப் போகும் உரத்துக்கான சரக்கு அது. இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வயலில் யூரியா எவ்வளவு இடலாம் என்று கணக்குச் சொல்லும் கருவியைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாட்டில், உரம் செய்யும் இடத்தில் உள்ளவர்களுக்கு மூக்கே உணர்கருவியாக இருந்தது.

இனி, பதிவு யாருடைய சொத்து? அமெரிக்காவில் மான்ஸான்டோ கம்பெனி 2013-இல் வயல்களின் வானிலையையும் மண்ணையும் கணக்கிடும் ஒரு கம்பெனியைச் சுமார் 93 கோடி டாலருக்கு வாங்கிற்று. அதற்கு ஆலை கிடையாது, நிலம் கிடையாது. இருந்தது கணக்கு மட்டுமே. கணக்குக்கு இந்த விலை என்றால், கணக்கைக் கொடுத்த குடியானவருக்குப் பங்கு எங்கே? ஐரோப்பாவில் இதற்கு ஒரு பதில் சட்டமாகிவிட்டது. 2025 செப்டம்பர் முதல் அங்கே அமலிலிருக்கும் தகவல் சட்டப்படி, வலையில் இணைந்த யந்திரத்தை உபயோகிப்பவருக்கே அது தரும் பதிவைக் கேட்டுப் பெறவும், விரும்பினால் வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லவும் உரிமை உண்டு. நமது 2023-ஆம் வருஷத்துச் சட்டமோ மனிதரைப் பற்றிய தகவலைத்தான் காக்கிறது. என் கிணற்றின் உப்பு என்னைப் பற்றிய தகவலா, பூமியைப் பற்றிய தகவலா? இரண்டு பக்கமும் வாதாட நமக்குத் தெரியும். கட்சிக்காரர்தான் நடுவில் அகப்பட்டுக்கொள்வார். சட்டம் பேசாத இடத்தில் ஒப்பந்தம் பேசும். அந்த ஒப்பந்தம் கைப்பேசியில் இங்கிலீஷில் நாற்பது பக்கம் வந்து, ‘சம்மதம்’ என்று தொடச் சொல்கிறது.

பதிவு இருபுறமும் வெட்டும் கத்தி என்பதையும் மறைப்பதற்கில்லை. இரவெல்லாம் மோட்டாரை ஓட்டி நிலத்தடி ஜலத்தை லாரிக்காரருக்கு விற்பவர் நம் குடியானவர்களிலும் உண்டு. பஞ்ச காலங்களில் பட்டணத்துக் குடிநீர் வாரியமே கழனிக் கிணறுகளிலிருந்து விலைக்கு வாங்கியிருக்கிறது. கருவி அதையும் எழுதும். பக்கத்துக் கிணறு உப்பானதற்கு யார் காரணம் என்ற விசாரணை ஆலை வாசலோடு நிற்காமல் வரப்புக்கும் வரும். நியாயம் கேட்பவர் அதற்கும் தயாராகவே இருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. சர்க்கார் மான்யம் பெறும் எந்தக் கருவிக்கும், பதிவு நில உழவரைச் சேர்ந்தது என்றும், கேட்டபோது தமிழில் கையில் கொடுக்கப்படும் என்றும், கம்பெனி மாறினால் பதிவும் கூடவே போகும் என்றும் ஒரு பக்கத்தில் தமிழில் ஒப்பந்தம் இருக்கட்டும். வீட்டுக்கொரு கருவி நமது சிறு கைப்பற்றுகளுக்குக் கட்டாது. மதகுக்கொன்று, நாலைந்து கிணற்றுக்கொன்று போதும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் 2004-இல் தொடங்கிய துல்லியப் பண்ணையம், விவசாயிகளைக் குழுக்களாகச் சேர்த்தே 400 ஹெக்டேரில் நடந்தது. இங்கேயும் தொடக்கக் கூட்டுறவுச் சங்கம் கருவியை வைத்துக்கொள்ளலாம். சங்கத்துக் காரியதரிசி மாதமொருமுறை அதைச் சரிபார்த்துப் புத்தகத்தில் எழுதலாம். 63-ஆம் பிரிவுப் பத்திரத்தின் நிபுணர் பாகத்தைப் பல்கலைக்கழகமோ நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவோ கட்டணமில்லாமல் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம்.

முதல் கருவிகளை எங்கே நடுவது என்பதற்கும் புதிய ஆராய்ச்சி தேவையில்லை. கடல்நீர் எதுவரை வந்திருக்கிறது என்ற கோடு சர்க்கார் வரைபடங்களில் ஐம்பது வருஷமாக இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேற்கே, இன்னும் உப்பாகாத கிணறுகளில், வருகிற சம்பாவுக்குமுன் தொங்கவிட்டால் போதும். ஏற்கெனவே உப்பான கிணற்றில் எவ்வளவு நல்ல கருவியைத் தொங்கவிட்டாலும் அது சொல்லப்போவது அந்தக் குடியானவருக்குத் தெரிந்த சங்கதியே.